நான்கரை மணி நேர ஸ்கேன் காட்டாததை ஒரு பட்டியல் காட்டியது

வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டி, நேற்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். இதே தொல்லையில் மாட்டியிருப்பவர்கள் நான் வீணடித்த நாட்களை வீணடிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். கல்யாண வீடியோ எடிட் பண்ண காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேர் ஒன்றை எங்கிருந்தோ ஓசியில் இறக்கினான். ஜிப் ஃபைலுக்கு பாஸ்வேர்ட் போட்டிருந்தது. "மாமா, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணினாத்தான் இது ஏறும்" என்றான். நானும் சரி என்றேன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஃபைலுக்குள் ஸ்கேனரால் எட்டிப் பார்க்க முடியாது. அதற்காகவே பூட்டி வைக்கிறார்கள்.

இரண்டு நாளில் ஃபேன் இரைய ஆரம்பித்தது. யாரும் தொடாதபோதுகூட இரைச்சல். எந்தெந்த புரோகிராம் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சட்டென்று அடங்கிவிடும், மூடினால் மறுபடி ஆரம்பிக்கும். நம் கம்ப்யூட்டரில் ஒளிந்துகொண்டு கிரிப்டோ காசு தோண்டும் மால்வேர்கள் (கெடுதல் செய்யும் புரோகிராம்கள்) பலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் வேலையை நிறுத்திவிடும்.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் போட்டேன். நான்கரை மணி நேரம் ஓடி, எதுவும் இல்லை என்றது. மால்வேர்பைட்ஸ் என்ற இன்னொரு ஸ்கேனரை இறக்கலாம் என்றால் அந்தத் தளமே திறக்கவில்லை. அதே வைஃபையில் என் போனில் திறந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, சிபியூவை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் ஆன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபார்மட்தான் சார், வேற வழி இல்ல" என்றார். டெஸ்க்டாப்பில் அப்பாவின் கடைசி வருஷப் போட்டோக்கள் இருக்கின்றன, முதலில் அவற்றை எடுத்துத் தருவீர்களா என்று கேட்டேன். அதற்கு கேரண்டி இல்லையாம். செக்கிங் சார்ஜ் என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். எதைச் செக் பண்ணினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆபீஸில் நெட்வொர்க் பார்க்கும் நண்பர் ஒரே கேள்வி கேட்டார்: "எக்ஸ்க்ளூஷன்ஸ் பார்த்தீங்களா?" விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், மேனேஜ் செட்டிங்ஸை அழுத்தி, கடைசிவரை இறங்கினால் அந்தப் பட்டியல் வரும். ஸ்கேன் தொடக்கூடாத இடங்களை அங்கே குறித்து வைக்கலாம். என்னுடையதில் சி டிரைவ் மொத்தமும் இருந்தது! நான் சேர்க்கவில்லை. அந்த ஓசி இன்ஸ்டாலருக்கு அட்மின் அனுமதி கொடுத்தபோது அதுவே சேர்த்திருக்கிறது. டிஃபெண்டர் மேல் தப்பில்லை. பார்க்காதே என்று சொன்ன இடத்தை அது பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஸ்கேன் போடுவதற்கு முன்னால் இந்தப் பட்டியலைப் பாருங்கள். நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இதுதான்.

பட்டியலிலிருந்து அதை நீக்கியதும் அடுத்தடுத்து எச்சரிக்கைகள் வந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சி டிரைவ் மறுபடி பட்டியலில் உட்கார்ந்திருந்தது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், அப்டேட் என்ற அப்பாவிப் பெயரில் ஒரு வேலை. லாகின் ஆகும்போதெல்லாம் பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) வழியாக எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. அதை அழித்து, பட்டியலைக் காலி செய்து, டிஃபெண்டரை அப்டேட் செய்தேன். நெட்டைத் துண்டித்துவிட்டு, கையோடு ஆஃப்லைன் ஸ்கேன் கொடுத்தேன். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் ஸ்கேன் என்பதால் மால்வேருக்கு எழுந்திருக்க வாய்ப்பே இல்லை. சுமார் 15 நிமிடம்தான். ஃபேன் அடங்கியது.

ஒரு ஸ்கேனரை மட்டும் நம்ப மனசு வரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்தேன். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், அதனால் பழைய காப்பியை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பாதி ஓட்டத்தில் 7 ஃபைல்கள் பாதிப்பு என்று காட்டியதும் பதறிவிட்டேன். முடிவில் ஒன்றும் இல்லை என்றது. நடுவில் காட்டுவது வெறும் சந்தேகக் கணக்காம். முடிவாக வரும் செய்திதான் நிஜம்.

மால்வேர்பைட்ஸ் தளம் திறக்காததற்குக் காரணம் ஹோஸ்ட்ஸ் ஃபைல். எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று போனால் கிடைக்கும். நோட்பேடை அட்மினாகத் திறந்து பார்த்தால், ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் வரிசையாக 127.0.0.1-க்கு, அதாவது என் கம்ப்யூட்டருக்கே, திருப்பிவிடப்பட்டிருந்தன. அந்த வரிகளை நீக்கினேன், மால்வேர்பைட்ஸ் உடனே இறங்கியது. அது பிரவுசரில் ஒட்டியிருந்த ஒரு எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசரோடு சேர்க்கும் குட்டி புரோகிராம்) பிடித்துக் கொடுத்தது. அழித்தேன், மறுநாளே திரும்ப வந்துவிட்டது. பிரவுசர் செட்டிங்ஸை நெட்டில் சேமித்துத் திரும்பக் கொண்டுவரும் சிங்க்கில் அதன் காப்பி இருந்திருக்கிறது. சிங்க்கை நிறுத்தி, அங்கே சேமித்திருந்ததையும் அழித்த பிறகுதான் ஒழிந்தது.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று. முதல் நாளே ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினேன், ஆனால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றினேன். நான்காம் நாள் மகளின் இன்ஸ்டாகிராமில் யாரோ நுழைந்து, அவள் தோழிகளிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். ஓடிபி எதுவும் வரவில்லை. நாம் லாகின் ஆகியிருப்பதைத் தளத்துக்கு நினைவூட்ட பிரவுசரில் இருக்கும் குக்கீயைத் திருடினால், ஏற்கெனவே லாகின் ஆனவர் போலவே உள்ளே போய்விடலாம். ஒரு தோழி சந்தேகப்பட்டுப் போன் பண்ணியதால் தப்பித்தோம். யாராவது பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருப்பேன். அப்புறம் என் போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் கொடுத்தேன். இதை முதல் நாளே, சுத்தமான கருவியில் செய்யுங்கள்.

போட்டோக்கள் பத்திரமாக இருக்கின்றன. இப்போது ஒரு காப்பி தனி ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது.

நேற்று அக்கா மகனுக்குப் போன் போட்டு, அவன் லேப்டாப்பிலும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "மாமா, இதுலயும் சி டிரைவ் இருக்கு."