மாந்தோப்பை வங்கி எடுக்காது: கிருஷ்ணகிரியிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

அட்மிஷன், விசா எல்லாம் அப்புறம். முதலில் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மார்க்‌ஷீட்டில் 'காவ்யா எம்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பெயர்க் கட்டத்தில் காவ்யா, குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் முருகேசன் என்று பிரித்துப் போட்டால் கடைசி வரை தொல்லை இல்லை. குடும்பப் பெயரைக் காலியாக விட்டவர்களுக்கு விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, இன்சூரன்ஸ் அட்டையில் வேறு மாதிரி பெயர் வந்து நிற்கும். ஏற்கெனவே அப்படி எடுத்திருந்தால் ஏபிஎஸ் என்ற சான்றிதழ்ச் சரிபார்ப்புக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ரீ-இஷ்யூ செய்துவிடுங்கள். 'காவ்யா எம்', 'காவ்யா முருகேசன்' இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் ஓர் அஃபிடவிட்டும் வாங்கி வையுங்கள்.

ஏபிஎஸ் என்பது நம் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்று. 2022 நவம்பரிலிருந்து இது இல்லாமல் மாணவர் விசாவுக்குப் போக முடியாது. அக்டோபர் செமஸ்டருக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஜூலை 15 கடைசி நாள் என்பதால், குளிர்காலத்திலேயே ஏபிஎஸ்ஸைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நம் பக்கத்துக் குடும்பங்கள் நிஜமாகவே மாட்டிக்கொள்வது பணத்தில்தான். பிளாக்டு அக்கவுண்டில், அதாவது அங்கத்திய செலவுக்கென முன்கூட்டியே பணம் போட்டு முடக்கி வைக்கும் கணக்கில், ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். இதற்காகக் கல்விக்கடன் கேட்டுப் போனால், வழக்கமான திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து அடமானம் கேட்பார்கள். "அஞ்சு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு சார்" என்று அப்பா பட்டாவை நீட்டுவார், மேனேஜர் தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கடன் திரும்ப வராவிட்டால் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் தோப்பு எத்தனை லட்சம் போனாலும் பல வங்கிகள் தொடுவதில்லை. நத்தம் பட்டா வீட்டுக்கும் அனுமதி பெற்ற கட்டட வரைபடம் கேட்பார்கள், பழைய வீடுகளுக்கு அது இருக்காது. டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் உள்ள மனை, எஃப்டி, சரண்டர் மதிப்பு உள்ள எல்ஐசி பாலிசி, இவைதான் உதவும். சொந்தக்காரர் மனையை வைப்பதானால் அவரும் கையெழுத்துப் போட வர வேண்டும், அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சொந்தப் பணமாக அனுப்பினால் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி, பிடிப்பார்கள். 11,904 யூரோ அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். வரம்பு பான் எண்ணுக்கு ஒன்று என்பதால் அப்பா பாதி, அம்மா பாதி அனுப்பலாம். வங்கிக் கடனாகப் போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. பிடித்தது வரிக்கணக்கில் திரும்பி வரும், ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று ரிட்டர்னே போடாத வீடுகள் அதைக் கோட்டை விடுகின்றன. இன்னொன்று: இடையில் உள்ள வங்கி இருபது முப்பது யூரோ கழித்துக்கொண்டால் தொகை குறைந்து, பிளாக்டு அக்கவுண்டில் முழுப் பணமும் சேர்ந்தது என்ற உறுதிக் கடிதம் வராது. கட்டணம் முழுவதையும் அனுப்புகிறவரே ஏற்பதாகப் படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து பெங்களூரு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் விசாவுக்கு, தமிழ்நாட்டில் குடியிருப்பவர்கள் சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள். விமானத்துக்குப் பெங்களூருதான் வசதி. விமான நிலையம் நகரத்தின் வடக்குக் கோடியில் தேவனஹள்ளியில் இருக்கிறது, நாம் நுழைவதோ தெற்கே அத்திப்பள்ளியில். வழியில் உள்ள சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகள் மாலையில் எவ்வளவு நேரம் தின்னும் என்று சொல்ல முடியாது.

பெட்டியில் நெய், பால்கோவா, பால் பவுடர் வேண்டாம். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தடை. கருவாட்டுக்குத் தடையில்லை என்பது பலருக்கு ஆச்சரியம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள், அதனால் கறிவேப்பிலையைப் பொடியாக்குங்கள். மாம்பழத்துக்கு நம்மூர் டின் பல்ப் இருக்கவே இருக்கிறது. கேழ்வரகை மாவாக அரைத்துக் கொண்டு போகலாம். நம் மிக்ஸி அங்கும் ஓடும், அதே 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் அரைக்காதீர்கள், புகார் வரும்.

இறங்கியதும் வீட்டுக்காரரிடம் குடியேறியதற்கான கடிதத்தில் கையெழுத்து வாங்கி, இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இந்தக் கடிதம் தர மறுப்பவர், வீட்டைக் காட்டும் முன்பே முன்பணம் கேட்பவர், இருவரிடமும் வாடகைக்குப் போகாதீர்கள். சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கிடையாது, மின்சாரம், ஹீட்டர் சேர்க்காத வாடகைக் கணக்கில்.

பதிந்த பிறகு வரி எண் தபாலில் வரும், வங்கியின் பின் நம்பரும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே தபால்காரர் கதவு எண்ணைத் தேட மாட்டார், கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைப் பார்த்துப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும், நீங்கள் மூன்று வாரம் காத்திருந்து வங்கியில் மறுபடி விண்ணப்பிப்பீர்கள். பெட்டியில் 'காவ்யா' என்று மட்டும் எழுதினால் போதாது, உறைமேல் முருகேசன் என்றுதான் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் முழுப் பெயரையும் எழுதி, செல்லோ டேப் போட்டுச் சாவி வாங்கிய அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.