பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் மாடி வேலையைக் கொடுத்தபோது

எங்கள் மொட்டைமாடியில் பழைய தட்டோடு பெயர்ந்து, மழை பெய்தால் கூடத்தில் ஒழுக ஆரம்பித்திருந்தது. ஐப்பசி அடைமழைக்குள் முடித்தாக வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் கைத்திறமுள்ள கொத்தனார். அவர் இருக்க வெளியாளைக் கூப்பிட மனசு வரவில்லை. ஆனால் பழகினவரிடம் கூலி பேசுவதுதான் சங்கடம்.

"நமக்குள்ள என்ன தங்கச்சி, குடுக்கிறதைக் குடு" என்றார். அந்தப் பேச்சோடு வேலையைத் தொடங்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். குறைவாகக் கொடுத்தால் அவர் வாய் திறந்து கேட்கமாட்டார், மனசுக்குள் வைத்துக்கொள்வார். தெருமுனையில் நடந்த வீட்டு வேலையில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்ன சம்பளம் ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு போய், "அண்ணே, வெளியில வாங்குற சம்பளம்தான் இங்கயும். குறைச்சா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றேன். சரி என்றார்.

மொத்தமாக காண்ட்ராக்ட் பேசவில்லை. பழைய தளத்தைக் கொத்திப் பார்த்தால்தான் சேதம் எவ்வளவு என்றே தெரியும். தொகையை முதலிலேயே முடிவு செய்தால் ஒருத்தருக்கு நஷ்டம். அதனால் நாள் சம்பளம், சனிக்கிழமை பைசல். சிமென்ட், எம்சாண்ட், தட்டோடு எல்லாம் நாங்களே வாங்கிப் போட்டோம். பொருள் காசு அவர் கைக்குப் போகாததால் அந்தக் கணக்கில் பேச்சே எழவில்லை. ஒரு நோட்டில் தேதி, ஆள், சம்பளம் எழுதி, வாரக் கடைசியில் அவர் வீட்டு அக்காவுக்கும் காட்டிவிடுவேன்.

இன்னொன்றையும் கேட்டு வைத்தேன். விபத்து நேர்ந்தால் பதிந்தவர்களுக்கு உதவித்தொகை தரும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தமிழ்நாட்டில் 1994 முதல் இருக்கிறது. அதில் பதிந்த அண்ணனின் அட்டை நடப்பில் இருந்தது. சித்தாள் அக்காவுடையது காலாவதியாகியிருந்தது. இ-சேவை மையத்தில் புதுப்பிக்க நானே கூடப் போனேன். உயரத்தில் நின்று செய்யும் வேலை, இதைக் கேட்காமல் ஆளை ஏற்றக் கூடாது.

நடுவில் ஒருநாள் அண்ணன் சொல்லாமலே வராமல் இருந்துவிட்டார். வேறொரு இடத்தில் ரூஃப் காங்கிரீட்டாம். அதைப் பாதியில் நிறுத்த முடியாது, நியாயம்தான். சாயங்காலம் நேரே போய், "வரலைன்னா முதல் நாள் ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே, சித்தாள் அக்கா வந்து காத்துக்கிட்டு இருந்தாங்க" என்றேன். பிறகு அப்படி நடக்கவில்லை.

தட்டோடு பதித்து முடித்ததும் வாட்டம் பார்த்தோம். வாளித் தண்ணீரை மேல்மூலையில் ஊற்றினால் முழுக்கக் குழாய் வாய்க்கு ஓடி வரவேண்டும். வடகிழக்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கி நின்றது. நான் வாயைத் திறக்குமுன் அவரே குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கே நாலைந்து தட்டோட்டைப் பெயர்க்கச் சொன்னார். மறுவேலைக்குத் தன் சம்பளம் வேண்டாம் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. சித்தாள் அக்காவுக்கு மட்டும் முழு நாள் கூலி கொடுத்தோம். கலவை சுமந்தவர் மேல் அந்தப் பிசகு வராது. இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

பிறகு மணலால் வரப்புக் கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்தினோம். கியூரிங்கில் சோம்பினால் இணைப்பெல்லாம் மயிரிழையாக வெடித்துவிடும், போட்ட சிமென்ட் அத்தனையும் வீண்.

கடைசி சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது மிச்சத் தட்டோட்டைத் தன் வீட்டுக்குக் கேட்டார். வாங்கின விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சும்மா எடுத்துக்கோங்க என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை, நோட்டில் எழுதிக் கழித்துவிட்டு மீதியைக் கையில் கொடுத்தேன்.