மூன்று மாத மாத்திரைக்கு நான்கு நடை

உடம்பு நிலையாக இருப்பவர்களுக்கு ஏ.ஆர்.டி. மாத்திரையை, அதாவது எச்.ஐ.வி.-யைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரையை, 3 மாதத்துக்கு, முடிந்தால் 6 மாதத்துக்குச் சேர்த்தே கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனக்கு அது கிடைக்க நான்கு நடை ஆனது. நடைக்கு ஒரு நாள் கூலி போச்சு.

வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது என்று வைரல் லோடு தாள், அதாவது இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் பரிசோதனைத் தாள், சொன்னால்தான் 3 மாதம். இரத்தம் முன்பே கொடுத்திருந்தேன். கவுன்ட்டரில் கேட்டால், "ரிசல்ட் வரலை, அடுத்த மாசம் பாருங்க." அடுத்த மாதமும் அதே பதில், தலை நிமிராமல். மூன்றாம் நடையில் ஆலோசகர் பதிவேட்டைப் புரட்டினார். குழாயில் ஒட்டிய எண்ணும் என் அட்டை எண்ணும் பொருந்தவில்லை என்று ஆய்வகம் இரத்தத்தை எடுத்துக்கொள்ளவே இல்லையாம். நடக்காத பரிசோதனைக்கு இத்தனை நாள் ரிசல்ட் தேடியிருக்கிறேன்! அன்றே மறுபடி கையை நீட்டினேன். இந்த முறை குழாயில் இருந்த எண்ணை நானே வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். நீங்களும் பாருங்கள். யாராவது கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

ஆலோசனை என்று எனக்கு இதுவரை கிடைத்தது "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்ற ஒரு கேள்விதான். உருப்படியான விஷயத்தைச் சொன்னது வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா. பல வருடமாக மாத்திரை எடுப்பவர். நெஞ்செரிச்சலுக்கு நான்பாட்டுக்கு ஜெல் குடித்துக்கொண்டிருந்தேன். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உள்ள மாத்திரை என்றால், அதைப் போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் ஜெல். ஜெல்லை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மருந்தாளுநரிடம் கேட்டேன். "ஆமாம்" என்றார், அவ்வளவு சாதாரணமாக.

ஒரு வேளை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது என்பதும், பஸ்ஸில் டப்பா கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடாமல் இருக்கப் பஞ்சு வைக்கலாம் என்பதும் அக்கா சொன்னவைதான். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நான்காம் நடையில் தாள் வந்திருந்தது. கண்டறிய முடியாத அளவு! உடனே போனில் படம் எடுத்து, போனையும் பூட்டினேன். மூன்று டப்பா, மூன்றிலும் பஞ்சு. கவுன்ட்டர்காரர் அன்றும் நிமிரவில்லை. அதனாலென்ன, இன்னும் மூன்று மாதத்துக்கு அந்த வரிசையில் நான் இல்லை.