கிளட்ச் பெடல் லூஸா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

கிளட்ச் பெடல் லூஸாக இருக்கிறது என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பல இடங்களில் உடனே வரும் பதில், "பிளேட் தேஞ்சிருச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்." போன மாதம் என் தங்கை வீட்டுக்காரருக்கும் பொள்ளாச்சியில் இதையே சொல்லிவிட்டார்கள். கிளட்ச் செட் மொத்தமும் மாற்ற வேண்டும், வண்டி இரண்டு நாள் நிற்கும் என்று எஸ்டிமேட்டும் கொடுத்தாயிற்று. அவருக்கு அந்த வாரம் வால்பாறை போகிற வேலை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. கிளட்ச் சரியில்லாமல் அங்கே ஏறவே கூடாது, அதில் சந்தேகமில்லை. பிளேட் என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உடுமலையில் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்வது என் தொழில். வாஷர், சீல், ஏர் பிடிப்பது எல்லாம் தினமும் கையில் புழங்குகிற சமாச்சாரம். அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கிளட்ச் பிளேட் தேய்ந்து மெலிந்தால், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் இருக்கும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள், பெடலை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும். கேபிள் வைத்த வண்டியில் அப்போது பெடலின் ஃப்ரீ ப்ளே, அதாவது மிதித்தும் எதையும் தள்ளாமல் சும்மா போகிற தூரம், குறையத்தான் செய்யும், அதிகமாகாது. காலை நன்றாக மேலே எடுத்த பிறகுதான் வண்டி நகரும். மேட்டில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. இதுதான் ஸ்லிப். மாப்பிள்ளை சொன்னதோ நேர் எதிர். பெடல் பாதி தூரம் கனமே இல்லாமல் இறங்குகிறது, தரையை ஒட்டித்தான் பிடிக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று சத்தம். பிளேட் முழுசாக விலகவில்லை என்று அர்த்தம்.

போனிலேயே கேட்டேன்: "மாப்பிள்ளை, பெடலை மூணு நாலு தடவை வேகமா மிதிச்சுட்டுக் கியர் போட்டுப் பாருங்க."

"இப்ப சுலபமா விழுதுங்க மச்சான். பெடலும் கொஞ்சம் கனமாயிருச்சு."

பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிட்டது. அவர் வண்டியில் கேபிள் இல்லை, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற கிளட்ச். பெடலை மிதித்தால் அதோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், ரிலீஸ் பேரிங்கை நகர்த்துகிற கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளும். குழாயில் ஏர் புகுந்தால் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஏரை நசுக்குவதிலேயே போய்விடும். கிணற்று மோட்டாரில் ஏர் லாக் ஆனால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது அல்லவா, அதே கதைதான். திரும்பத் திரும்ப மிதிக்கும்போது கூடுதலாக ஆயில் உள்ளே போவதால் பெடல் கொஞ்ச நேரம் உயிர் பெறும். மாருதி 800, ஆம்னி மாதிரி கேபிள் வண்டிகளில் எத்தனை மிதித்தாலும் வித்தியாசம் வராது. அங்கே பார்க்க வேண்டியது கேபிளில் இழை அறுந்திருக்கிறதா, அட்ஜஸ்ட் நட் தளர்ந்திருக்கிறதா என்பதை.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். பானெட்டைத் திறந்தால் ஆயில் மட்டம் குறைந்திருந்தது. நிறைய கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். கிளட்சுக்குப் போகும் குழாய் அதில் சற்று உயரத்தில் இருக்கும், மட்டம் இறங்கினால் கிளட்ச்தான் முதலில் அடிவாங்கும். பிரேக் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான். அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அதைச் சும்மா ஊற்றி நிரப்பிவிட்டுப் போகக் கூடாது. நாளைக்குப் பிரேக்கும் போகலாம்.

அப்புறம் ஓட்டுநர் பக்கம் குனிந்து, பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரின் தண்டு நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஈரமில்லை. பெடலைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். பெடல் ஆடுகிற இடத்தில் இருக்கும் பின், புஷ் இரண்டும் தேய்ந்திருந்தாலும் பெடல் லொடலொடக்கும், ஆனால் இங்கே கெட்டியாக இருந்தது. கடைசியாக கியர்பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கினேன். கறுப்பாக ஆயில் வழிந்தது.

சீல் கிட் மட்டும் போடலாம் என்று பார்த்தால் சிலிண்டர் உள்ளே துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. புது சீலையும் அது கிழித்துவிடும் என்பதால் முழு சிலிண்டரையே மாற்றினோம். மாப்பிள்ளை பெடலை மிதித்துப் பிடிக்க, நான் சிலிண்டரில் ஏர் வெளியேறும் நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுப்பதற்குள் மூடி, குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்தோம். டப்பா காலியாகாமல் இடையிடையே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வகை பிரேக் ஆயில், டாட் 3-யா டாட் 4-ஆ என்பது மூடியிலேயே போட்டிருக்கும். அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், ரப்பரெல்லாம் ஊதிப்போகும். பிரேக் ஆயில் பெயிண்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வெளியே எங்கேயும் ஒழுகவில்லை, ஏர் எடுத்தும் பெடல் மிதித்த நிலையிலேயே மெல்ல இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீலைச் சந்தேகப்படலாம். சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டரே கியர்பாக்ஸுக்குள் இருக்கும், அது ஒழுகினால் இறக்கித்தான் ஆக வேண்டும். ஃபோர்க் விரிசல் விட்டாலும் டயஃப்ரம் விரல் உடைந்தாலும் அப்படித்தான். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மெக்கானிக் இறக்கணும் என்று சொன்னால் நானே இறக்கச் சொல்வேன்.

மாப்பிள்ளை வால்பாறை போய்த் திரும்பிவிட்டார். ரெண்டு வாரம் கழித்து அந்த ரப்பர் உறையை இன்னொரு தடவை விலக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.