எம்புட்டுக் குடுத்தாக?

"எம்புட்டுக் குடுத்தாக?" என்று அக்கா கேட்டார். நான் ஐந்நூறு என்றேன்.

கொடுத்தது இரண்டாயிரம். நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். மூன்று சட்டைப் பையில் இருந்தன, ஒன்று கையில் இருந்தது. கையில் இருப்பதைத்தான் அக்கா பார்த்திருப்பார் என்று அந்த நொடியில் கணக்குப் போட்டேனா, இல்லை வாய் தானாகச் சொல்லிவிட்டதா? இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சொன்ன பிறகு திருத்துவதற்கு நேரம் இருந்தது. அது மட்டும் நிச்சயம். கல்லாவுக்குப் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு திரும்பி வரும் வரைக்கும் நேரம் இருந்தது.

அது ஓணம் விடுமுறைக் கூட்டம் குமுளியை நிறைத்திருந்த வாரம். இரண்டாவது செட்டில் அந்தப் பாட்டைப் பாடினேன். ஜன்னலோர மேசையில் பெங்களூரிலிருந்து வந்த ஏழெட்டுப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் பாடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். கை கழுவும் இடத்துக்கும் கல்லாவுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தட்டுச் சத்தத்துக்கு மேலே குரலைத் தூக்கிப் பாடிப் பழகியவன் நான். அன்றைக்கு ஸ்பூன் சத்தம்கூட இல்லை. கடைசி அடிக்கு முன்னால் மூன்றாவது தந்தி அறுந்தது. மீதி ஐந்தில் முடித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டாயிரம் அவர்கள் கொடுத்ததுதான்.

பிறகு, வழக்கம்போல சாப்பிட அடுக்களைப் பின்வாசலுக்குப் போனேன். அக்கா பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அடிப்பிடித்த பிரியாணிக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டு அவருடையது. திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். சாவு வீட்டுப் பாட்டைச் சோறு தின்கிற இடத்தில் பாடலாமா என்று கேட்பார், இன்ன பதில் சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் நிமிரக்கூட இல்லை. கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

ஜூலையில் ஒரு ராத்திரி அந்தப் பாட்டு எனக்குக் கிடைத்தது. நல்ல மழை, கரன்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஏழரைக்கு மேல் ஒரு மேசைகூட நிறையவில்லை. அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நான் தந்தி மாற்றிக்கொண்டிருந்தேன். முழங்கால் போகும்வரை இருபது வருஷத்துக்கு மேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். விடியுமுன்னே கூடலூரில் ஜீப் ஏறி, ஆள் மேல் ஆளாக உட்கார்ந்து மலைக்கு வந்து, பொழுது சாய இறங்கிப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். நகக்கண்ணில் இருந்த கறுப்பு அப்போதும் முழுசாகப் போயிருக்கவில்லை. வெங்காயத்தோடு சேர்த்து எதையோ முனகினார். என்னக்கா அது என்றேன். தம்பி செத்தப்பப் பாடினது என்றார். பாடுங்க என்றேன். "யாத்தி, வெளக்கு வச்ச நேரத்துல அதப் பாடச் சொல்றியேப்பா" என்று மறுத்தார். பிறகு பாடினார். கத்தி கையிலேயே இருந்தது.

ஏலமலை ஏறிப்போனவன் எறங்கி வர வழியிருந்தும் எறங்கலையே என்று வரும். அந்த 'எறங்கலையே' என்ற இடத்தில் குரல் நின்ற ஸ்தானத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கர்நாடக சங்கீதத்தின் இரண்டு 'க'க்கள், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு இடம். கிட்டாரில் அதற்குக் கட்டை கிடையாது. தந்தியை விரலால் இழுத்தோ, மேலே உலோகக் குழாயை வழுக்கவிட்டோதான் அங்கே போக முடியும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸைப் பாடுகிறவர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுகிற இடம் அதுதான். நான் அதைப் பிடிக்கப் பல வருஷம் கைவிரல் காய்க்கப் பழகியிருக்கிறேன். அக்கா வெங்காயம் உரித்தபடி நேராகப் போய் அதன் மேல் உட்கார்ந்தார்.

போனில் பதிந்துகொண்டேன். கேட்டுவிட்டுத்தான் பதிந்ததாக ஞாபகம்.

அடுத்த ஒரு மாதம் அதோடுதான் கிடந்தேன். ஓப்பன் ஜி டியூனிங்கில், அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே தந்திகள் ஒரு சுரக்கூட்டாக ஒலிக்கும்படி சுருதி சேர்த்து, வைத்துப் பார்த்தேன். ப்ளூஸில் முதல் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வார்கள். பன்னிரண்டு தாளக் கட்டம், மூன்றே சுரக்கூட்டு. அக்காவின் பாட்டு அதற்குள் அடங்கவில்லை. மூச்சு முட்டுகிற இடத்தில் அவர் நிறுத்துவார், தாளம் முடிகிற இடத்தில் இல்லை. இரண்டு இடத்தில் சொல்லைக் குறைத்தேன், ஒரு இடத்தில் இழுத்தேன். அடிக்கடைசியில் தம்பியின் பெயர் வரும். அதை எடுத்துவிட்டு 'ராசாவே' என்று போட்டேன். செத்தவன் பெயரைச் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் சொல்லக் கூடாது என்றுதான் எடுத்தேன். எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்ட சமாதானம் இது. பொய்யான சமாதானம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பெயரை எடுத்ததும் அது காதல் பாட்டு மாதிரி ஆகிவிட்டது, அப்படி ஆனதால்தான் அந்த மேசைக்காரர்கள் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார்கள். இதுவும் எனக்குத் தெரியும்.

கற்றுக்கொள்வது என்பதே இப்படித்தான் என்று வாதாடவும் செய்திருக்கிறேன். 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில், தாமதமான வண்டிக்காக டபிள்யூ.சி. ஹேண்டி என்ற கறுப்பின இசைக்காரர் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒருவர் கத்தியைக் கிட்டார் தந்தியில் அழுத்தி வாசித்துப் பாடியதைக் கேட்டார். கேட்டதிலேயே மிக விசித்திரமான சங்கீதம் என்று பின்னாளில் எழுதினார். ஹேண்டி 1912-ல் தன் முதல் ப்ளூஸ் பாட்டை அச்சிட்டார், ப்ளூஸின் தந்தை என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. ஸ்டேஷனில் பாடியவர் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. 1933-ல் நாட்டுப்பாட்டு சேகரித்த ஜான் லோமாக்ஸ் பதிவுக் கருவியோடு லூசியானாவின் அங்கோலா சிறைக்குள் போய், அங்கே கைதியாக இருந்த பாடகர் லீட்பெல்லியின் குரலைப் பதிந்தார். பிறகு லீட்பெல்லியின் பாட்டு உரிமையில் லோமாக்ஸ் பெயரும் ஏறியது. 1949 டிசம்பரில் லீட்பெல்லி இறந்தார். அடுத்த வருஷம் அவர் பாட்டு ஒன்று வேறொரு குழுவின் குரலில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. ஹேண்டி, லோமாக்ஸ் மாதிரி ஆட்கள் பதியாவிட்டால் அந்தப் பாட்டுகள் எனக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. பதினேழு வயதில் கம்பத்தில் ஒரு சிநேகிதன் வீட்டு மாடியில் அவற்றைக் கேட்டுத்தான் நான் கிட்டாரைத் தொட்டேன். அந்தக் கடனை நான் மதிக்கிறேன். ஆனால் பின்வாசலில் என்னிடம் கேட்கப்பட்டது வரலாறு இல்லை. எவ்வளவு கொடுத்தார்கள் என்றுதான் கேட்டார்.

கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. என் பாட்டை விற்றுவிட்டாயே என்ற குத்தலாக எடுத்துக்கொண்டேன். பயந்துபோய்த்தான் தொகையைக் குறைத்துச் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் கழித்து, வேறு பேச்சுக்கு நடுவில், அக்கா சொன்னார்: "எளவு வீட்டுக்குக் கூப்புட்டா போவேன்ல. சேலையும் குடுப்பாக, துட்டும் குடுப்பாக. கம்பம் பக்கம் ஒரு வீட்டுல மைக்செட்டு வச்சு விடிய விடிய பாட விட்டாக." எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. மாரடிக்கவும் ஒப்பாரி சொல்லவும் கூலிக்கு ஆள் கூட்டுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் அக்காவை அப்படி நினைத்துப் பார்க்கவே இல்லை. என் கண்ணுக்கு அவர் பாத்திரம் கழுவுகிறவர், துக்கத்தில் பாடியவர். அவருக்கோ அது தெரிந்த தொழில். தொழில்காரர் இன்னொரு தொழில்காரனிடம் இங்கே ரேட் என்ன என்று கேட்டிருக்கிறார். நான் ரேட்டைப் பொய்யாகச் சொல்லியிருக்கிறேன்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து ஐந்நூறும் சாப்பாடும். வாரத்தில் மூன்று நாள், அதுவும் சீசனில். மழை மாதங்களில் ஒரு நாள். பத்தரைக்குக் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் மலை இறங்கி, லோயர் கேம்ப் தாண்டி வீடு போகிறேன். ஈரத்தில் மரம் உப்பி, தந்தி பலகையை விட்டு எழும்பி, விரல் நோக வாசிக்கிறேன். அந்த மாதம் வாடகை பாக்கி இருந்தது. எல்லாம் உண்மை. பாத்திரம் கழுவுகிறவரின் சம்பளம் என்ன என்று அதுவரை நான் கேட்டதில்லை. அதுவும் உண்மை.

கல்லாவில் மாற்றி, இருநூற்று ஐம்பதை அக்காவிடம் நீட்டினேன். பாதிக்குப் பாதி என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. அக்கா சோப்புக் கையைச் சேலையில் துடைத்து வாங்கினார். இரண்டு நூறை மடித்து இடுப்பில் செருகினார். ஐம்பதை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"கம்பி அந்துபோச்சுல்ல. வாங்கிக்க."

அடுக்களைக்குள்ளிருந்து தந்தி அறுந்த சத்தம் கேட்டிருக்கிறது அவருக்கு. பாட்டு முழுவதும் கேட்டிருக்கிறார். குறைத்த சொல், இழுத்த இடம், ராசாவே, எல்லாம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஐம்பதை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் உண்மையையும் சொல்லியிருப்பேனோ என்று சில ராத்திரி தோன்றும். சொல்லியிருக்க மாட்டேன் என்று சில ராத்திரி.

முதலாளிக்குப் பாட்டு பிடித்துவிட்டது. சனிக்கிழமை தோறும் வேண்டும் என்றார். பாடினேன். இது இங்கே அடுக்களையில் வேலை செய்கிற அக்காவிடம் கற்றது என்று ஒருநாள் மைக்கில் சொன்னேன். அடுக்களைப் பேச்சு சாப்பிடுகிறவர்களுக்கு எதற்கு என்று முதலாளி சொன்னதும் மறுவாரம் அதை விட்டுவிட்டேன். பாட்டை விடவில்லை. அந்த நேரத்தில் உள்ளே குழாய்ச் சத்தம் நிற்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நின்றது. கேட்கத்தான் அக்கா நிறுத்தினார் என்று நம்பினேன். தாங்க முடியாமலும் நிறுத்தியிருக்கலாம். டிசம்பர் சீசனுக்கு முன்னால் முழங்கால் மோசமாகி, கூடலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மலை இறங்கினால் அரை மணி நேரம். வாரத்துக்கு மூன்று ராத்திரி அந்த ஊர் வழியாகத்தான் போகிறேன். பாதி என்று நான் சொன்ன கணக்கில் அவருக்கு இன்னும் எண்ணூறு ரூபாய் தர வேண்டும். கணக்குத் தெரியும். பைக் நிற்பதில்லை.

இதை எழுத உட்காருவதற்கு முன் போனில் இருந்த பதிவைத் தேடிக் கேட்டேன். பாடப் பழகியபோது கடைசிப் பாதியை மட்டுமே ஓட்டி ஓட்டிக் கேட்டிருக்கிறேன் போல. முதலிலிருந்து கேட்டு ரொம்ப நாளாகிறது. மழைச் சத்தம், கத்திச் சத்தம், அக்கா பாடி முடிக்கிறார். உடனே என் குரல்: "அக்கா, இன்னொரு தடவ. ஜெனரேட்டர் சத்தம் விழுந்துருச்சு." இது என் ஞாபகத்தில் இல்லவே இல்லை. கொஞ்ச நேரம் மழை மட்டும். யாரோ ஜெனரேட்டரை அணைக்கிறார்கள். அக்கா தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடுகிறார். அதே சுரம், அதே இழுப்பு, அழுகையும் அதே இடத்தில். அடிக்கடைசியில் தம்பியின் பெயர் வர வேண்டிய இடத்தில் அவரே 'ராசாவே' என்று பாடுகிறார்.

நான்தான் மாற்றினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

முதல் தடவை பாடியதில் பெயர் இருக்கிறது. ஹெட்போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி, பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டுவிட்டேன். ஜெனரேட்டர் சரியாக அந்த இடத்தில்தான் உறுமுகிறது. பாண்டி என்றும் கேட்கிறது, ஆண்டி என்றும் கேட்கிறது.