பொறிகளுக்குத் துரு எடுத்துக் கறுப்பேற்றிய அனுபவம்

விலங்குகளைப் பிடிக்கும் பழைய இரும்புப் பொறிகள் ஒரு மூட்டை என் கைக்கு வந்து சேர்ந்தன. சங்கிலியைத் தூக்கினால் கண்ணிகள் மடியவே இல்லை, அப்படியே விறைத்து நின்றன. விலங்கு மிதித்ததும் பொறியை மூடவைக்கும் மிதிதட்டை விரலால் அழுத்தினால் செம்பொடி உதிர்ந்ததே தவிர, அது அசையவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலைக் கவ்வும் பொறிகளுக்கு எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல் வைத்த ஜின் பொறியை 1958-லேயே தடை செய்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995 முதல் காலைக் கவ்வும் பொறிகளுக்குத் தடை இருக்கிறது. உங்கள் பகுதிச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.

சுத்தம் செய்வது என்றதும் பலரும் சொன்ன யோசனை, நெருப்பில் போட்டு எடுத்துவிடு என்பதுதான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஸ்பிரிங் என்பது பதம் ஏற்றிய எஃகு. தணலில் சூடேறினால் பதம் இறங்கிவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், கவ்வுவதற்குத்தான் வலு இருக்காது.

முதல் வேலை துரு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு. சலவைச் சோடா கலந்த தண்ணீரில் பொறிகளைக் கொதிக்க வைத்தேன். மேலே மிதந்து வந்த அழுக்குப் படலத்தை வழித்து எடுத்துவிட்டுத்தான் பொறிகளை வெளியே தூக்க வேண்டும். இல்லையென்றால் அது திரும்பவும் இரும்பின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் பரவி ஓட வேண்டும், அதுதான் அடையாளம். புதுப் பொறி வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கட்டம் உண்டு. தொழிற்சாலையிலிருந்தே எண்ணெய் பூசித்தான் வரும்.

அடுத்து துரு. சுத்தியலால் லேசாகத் தட்டியபோதே தடித்த பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஸ்பிரிங்குகளைக் கழற்றித் தனியே வைத்து, மற்ற பாகங்களைச் சாதாரண வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறப் போட்டேன். காலையில் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தால் கறுப்புச் சேறாகக் கழன்று வந்தது. ஸ்பிரிங்கை மட்டும் அமிலத்தில் போடவில்லை. அமிலம் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வெளியாகும். அது கடினமான எஃகுக்குள் புகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் முகத்துக்கு நேரே உடைவதை நான் விரும்பவில்லை. அவற்றைக் கையாலேயே தேய்த்து முடித்தேன், தோள்பட்டை கழன்றுவிட்டது. வினிகரில் ஊறியவற்றைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்கி அலசினேன்.

அடுத்தது கறுப்புச் சாயம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பளபளவென்று இருக்கும் இரும்பில் சாயம் சரியாகப் பிடிக்காது. பொறிச் சாயம் பெயின்ட் மாதிரி மேலே உட்காருவதில்லை, இரும்போடு வினை புரிந்துதான் கறுக்கிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அந்த வேதியியல்தான். மரப்பட்டையிலும் வால்நட் தோலிலும் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து கரும்படலமாகிறது. ஆகவே இவ்வளவு பாடுபட்டு எடுத்த துருவைக் கொஞ்சம் திரும்ப வரவழைக்க வேண்டும்! பொறிகளை வெளியே கொடியில் தொங்கவிட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளித்துவந்தேன். எல்லா இடத்திலும் ஒரே சீராக மெல்லிய பழுப்பு படர்ந்ததும் எடுத்துக்கொண்டேன். பொருக்கு கட்டும்வரை விட்டால் மறுபடி பிரஷ்தான்.

சாயத்துக்கு நான் எடுத்தது லாக்வுட் தூள். மத்திய அமெரிக்கப் பகுதி மரம் ஒன்றின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து வருவது. ஒரு காலத்தில் துணிக்குக் கறுப்பேற்ற உலகம் முழுக்கப் போனது. சுமார் 40 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டேன். கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம், அப்புறம் அடுப்பை அணைத்து அப்படியே இரவு முழுக்க ஊறவிட்டேன். கவ்வும் தாடைகள் இரண்டும் ஒட்டியிருந்தால் நடுவில் சாயம் ஏறாது என்று ஒவ்வொன்றிலும் இடையே ஓர் ஆணியைச் செருகியிருந்தேன். தொட்டியிலிருந்து தூக்கியபோது செங்கருநீலமாக, திட்டுத்திட்டாக இருந்தது. காற்றில் காயக் காய ஆழ்ந்த கறுப்பாகிவிட்டது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நகக்கண்ணில் ஏறிய சாயம் சீக்கிரத்தில் போகாது.

கடைசியாக மெழுகு. துரு திரும்பாமல் காப்பதோடு, தாடைகள் வழுக்கிக்கொண்டு வேகமாக மூடவும் உதவும். ஆனால் இந்த மொத்த வேலையிலும் ஆபத்தான கட்டம் இதுதான். மெழுகு தீப்பிடிக்கும். அதனால் வெளியில் வைத்து, நேரடித் தீயில் காட்டாமல், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி உருக்கினேன். பக்கத்தில் ஒரு மூடி தயாராக இருந்தது. பொறியில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது, ஈரத்தோடு இறக்கினால் மெழுகு பொங்கி வெளியே தெறிக்கும். பொறியும் மெழுகளவு சூடேறும்வரை உள்ளேயே விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் வெள்ளை வெள்ளையாகத் தடித்து உறைந்து, பிறகு செதில் செதிலாக உதிரும்.

மிதிதட்டைப் பிடித்து நிற்கும் கொக்கி முனையில் மட்டும் மெழுகைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். அங்கே வழுக்கினால் பொறி தானாகவே மூடிக்கொள்ளும். இரண்டு சதுரச் சட்டங்கள் வைத்த, உடலைக் கவ்வும் வகைக்கு மெழுகே வேண்டாம். அது வைக்கும்போதே கையில் மூடிவிடும் அபாயம் உண்டு. என்னிடம் இருந்த அந்த வகைப் பொறிகளைச் சாயத்தோடு நிறுத்திக்கொண்டேன். மற்றவற்றை மனித வாடை ஏறாமல் இருக்கச் சுத்தமான கையுறையோடு எடுத்து, எண்ணெய் டப்பாக்கள் இருக்கும் கொட்டகையைத் தவிர்த்து வேறிடத்தில் மாட்டினேன்.