ஸ்பாஞ்ச் துணி, துடைக்க மட்டுமல்ல

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்த் தண்ணீர் என்றாலே குழாயில் வெள்ளை உப்பு படியும். தேய்த்துத் தேய்த்து மேல்பூச்சைக் கெடுக்காதீர்கள். ஸ்பாஞ்ச் துணியில் ஒரு பட்டை வெட்டி, வினிகரில் நனைத்து, குழாய் மூக்கில் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். 20 நிமிடம் போதும், பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். குரோம் குழாயில் ராத்திரி முழுக்க விட்டால் பளபளப்பு போய்விடும். மார்பிள், மொசைக் தரையில் வினிகர் சொட்டவே கூடாது, கல்லை அரித்துவிடும்.

ஊருக்குப் போகும்போது தொட்டிச் செடிக்கு வாளியிலிருந்து தண்ணீர் இழுக்கத் திரி போட, செயற்கை இழையான மைக்ரோஃபைபர் துணிதான் சரி. ஸ்பாஞ்ச் துணி பருத்தியும் செல்லுலோஸும் கலந்தது, மண்ணுக்குள் மட்கிவிடும். 2 செ.மீ. அகலத்தில் நீளப் பட்டை. ஒரு முனை வேருக்குப் பக்கத்தில் நாலு விரல் ஆழம், மறுமுனை வாளியின் அடிவரை. முதலில் திரியையும் மண்ணையும் நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த திரி இழுக்காது. வாளித் தண்ணீர் தொட்டி மண்ணைவிட ரொம்பக் கீழே இறங்கினாலும் ஏறாது. நம்ம தண்ணீருக்குத் திரியின் மேல்பகுதியில் உப்புப் பூக்கும், அப்போது மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பெயிண்ட் அச்சு செய்ய, ஸ்பாஞ்ச் துணி காய்ந்து அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும்போதே மாங்காய் வடிவம் வரைந்து வெட்டுங்கள். நனைந்தால் கொஞ்சம் உப்பும், அதனால் சின்னதாகவே வரையுங்கள்.

மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். இழை வழுவழுத்துப்போய் தண்ணீரை உறிஞ்சாது.